எட்டா கார்

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கேஸ் போடுவாள், போட்டால் ஜெயிப்பாள். கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'எட்டா கார்'. நாங்கள் என்றால் நான்தான்.

வங்காளியில் 'எட்டா கார்?' என்றால் 'இது யாருடையது?' என்று அர்த்தம். தமிழ்க் காதில் அது ஏதோ கைக்கு எட்டாத கார் மாதிரி விழும். அவள் கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் இந்தியும், பள்ளிக்கூடத்தில் வங்காளி. எந்த மொழியில் பேசிக்கொண்டிருந்தாலும் இந்தக் கேள்வி மட்டும் வங்காளியில்தான் வரும். கையை நீட்ட மாட்டாள். முகவாயை லேசாகத் தூக்கி, சுவரையோ கூரையையோ ஜன்னலையோ காட்டுவாள். அவ்வளவுதான், அந்த இடத்தில் இருக்கிற ஆள் கலங்கிப்போவார்.

முதலில் கலங்கியது எங்கள் இட்லிக் கடைக்காரர். நான் அவருடைய சாம்பாரைத் திட்டிக்கொண்டே இரண்டாவது முறை வாங்கிக்கொண்டிருந்தேன். எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவள் தோசையைப் பாதியில் நிறுத்திவிட்டு, கல்லாவுக்கு மேலே இருந்த மரப்பரணைப் பார்த்து "எட்டா கார்?" என்றாள். அவர், நம்ம கடைதாம்மா என்றார். கடை உங்களுது, கட்டடம் யாருது என்றாள். அவருக்கு முகம் செத்துவிட்டது. சுகாதார ஆபீசர் வந்தபோதுகூட அவர் அப்படி ஆனதில்லை. கேட்காமலேயே அவள் தட்டில் இன்னொரு கரண்டி சட்னி விழுந்தது. எனக்கு அந்தக் கடையில் கேட்டாலும் விழாது. இந்தப் பெண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்று அப்போதே முடிவு செய்தேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. பன்னிரண்டாம் வகுப்பை நான் முடிக்கவில்லை. அதுதான் என்னை முடித்தது. அதன்பிறகு மாமாவின் ஃப்ளாட் புரோக்கர் கடையில் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு, வருகிறவர்களுக்கு வீடு காட்டுவது வேலை. கடை என்றால் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படியின் அடிவயிறு. மாமா உயரமானவர். எழுந்திருக்கும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொள்வார். அதனாலோ என்னவோ, வந்த வாடிக்கையாளர் முன்னால் எழுந்து நிற்கவே மாட்டார்.

அவள் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறைக்குள் ஏதாவது ஒரு வக்கீலிடம் வேலை பார்த்துச் சர்டிபிகேட் வாங்கிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கல்லூரியில் அடுத்த வருஷத்துக்கு ஏற்ற மாட்டார்கள். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் மாமா, சித்தப்பா, அப்பாவின் நண்பர் என்று ஆளுக்கொரு சேம்பரில் ஏ.சி. காற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். இவளுக்கு அப்பா கரக்பூரில் ரயில் எஞ்சின் பார்க்கிறவர். அவருக்குத் தெரிந்த ஒரே வக்கீல் யூனியன் வக்கீல். அவரிடம் போயிருந்தால் அன்றைக்கே வேலை கிடைத்திருக்கும். இவள் போகவில்லை. வீடு, நிலம், குடித்தனம், வாடகை, இந்தக் கேஸ்தான் கற்றுக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

ஹைகோர்ட் பக்கத்துச் சந்துகளில் ஏறி இறங்காத படி இல்லை. பாதிப் பேர் குமாஸ்தாவை விட்டே திருப்பி அனுப்பினார்கள். பவானிபூரில் ஒரு பெரிய வக்கீல் மட்டும் உட்காரவைத்து டீ கொடுத்து, திங்கட்கிழமையிலிருந்து வா என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாராம். அப்போது இவள் அவருடைய சேம்பரின் உயரமான கூரையைப் பார்த்து, "எட்டா கார்?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அறையிலிருந்து அவரைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் போட்ட கேஸ் பல வருஷமாக நடந்துகொண்டிருந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? டீயை முடிக்கவிடாமல் அனுப்பிவிட்டார்.

"நீங்க வேலை கேட்டுப் போறீங்களா, இல்ல வாடகை வசூலுக்கா?" என்று கேட்டேன்.

"தம்பி, ஒரு இடத்துக்குள்ள போயி அது யாருதுன்னு தெரியாம எப்படி உக்கார்றது?" என்றாள்.

என்னைவிட ஒரு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். ஆனாலும் 'தம்பி'. நான் எங்கே நிற்க வேண்டும் என்று கோடு கிழித்துக் காட்டுகிற தம்பி. நானும் பதிலுக்கு 'வக்கீலம்மா' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. பிடித்துவிட்டது. அதுதான் என் கஷ்டம், அவளைக் கிண்டல் செய்தால் அது அவளுக்குப் பாராட்டாகவே போய்ச் சேரும்.

மாமாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். மாமா கணக்குப் போட்டார். தமிழ், இந்தி, வங்காளி, இங்கிலீஷ் நான்கும் வாசிக்கத் தெரிந்த ஆள் இலவசமாகக் கிடைக்கிறது. டாக்குரியாவில் ஒரு ஃப்ளாட் விற்பனைக்கு இருக்கிறது, அதன் பத்திர வேலை பார்க்கிற வக்கீல் வீடு-நிலக் கேஸில் பெரிய கை, ஃப்ளாட் முடியட்டும், நானே உன்னை அவரிடம் சேர்த்துவிடுகிறேன் என்றார். அந்த வக்கீலின் வாசலில் அவள் ஏற்கெனவே இரண்டு முறை போய்ப் படியிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். அதைச் சொல்லவில்லை. சரி அங்கிள் என்று மட்டும் சொல்லிவிட்டு, தலைக்கு மேலே இருந்த மாடிப்படியைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் மாமா, வாடகை வாடகை என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

அடுத்த நாளே என் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டது. யாருது என்றாள். என்னுது என்றேன். பெட்டியைத் திறந்து ஆர்.சி.யை எடுத்துப் பார்த்துவிட்டு, உங்க மாமா பேரு இருக்கே என்றாள். ஓட்டுறது நான்தானே என்றேன். "அப்படிச் சொல்லு. அதுவும் ஒரு பதில்தான்," என்றாள். கிண்டலாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, யோசித்துத்தான் சொன்னாள்.

அவளோடு வீடு பார்க்கப் போவது ஒரு கூத்து. நான் சாவியை எடுப்பேன். அவள் தடுத்துவிட்டு முதலில் கதவைத் தட்டுவாள். காலி வீடு என்று பேப்பரில் எழுதியிருந்தாலும் தட்டுவாள். தட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, ஓரடி பின்னால் போய் நிற்பாள். பேய் வந்து கதவைத் திறக்கும் பாருங்க என்பேன். திறந்தா அதுகிட்டயும் கேப்பேன் என்பாள். கேட்டிருப்பாள்.

பவானிபூரில் ஒரு பழைய கட்டடத்தில் மாடி வளைவில் ஒரு நாற்காலி கிடந்தது. ஒரு கை உடைந்த நாற்காலி. "எட்டா கார்?" என்றாள், எதிர்ப்பட்ட ஒரு போவ்தியிடம். இங்கே பக்கத்து வீட்டு அண்ணிமார் எல்லோரும் போவ்திதான். அவர் எங்களுடையது இல்லை என்றார். மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, எங்களுடையதும் இல்லை, ஆனால் அதைக் கீழ் வீட்டுக்காரர்கள்தான் போட்டார்கள் என்றார். கீழ் வீடு வெளியே வந்தது. அந்த நாற்காலியால் அந்தக் கட்டடத்தில் பல காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது அப்போதுதான் வெளிவந்தது. நல்ல சண்டை. முடிவில் எல்லோரும் சேர்ந்து எங்களுக்கு டீ போட்டார்கள். ஃப்ளாட் காட்ட நான் கூட்டிவந்த ஆள் மட்டும் எப்போதோ ஓடிவிட்டிருந்தார். மாமா என்னைத் திட்டியது இங்கே எழுதக்கூடியது அல்ல.

டாக்குரியா ஃப்ளாட்டுக்கு ஆள் கிடைத்தது விடுமுறை பாதி கரைந்த பிறகு. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்த துறைமுக அதிகாரி ஒருவர். பையன் இங்கேயே படிக்கிறான், இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று வீடு வாங்க நினைத்தார். வங்காளி ஒரு வார்த்தை தெரியாது. மாமாவுக்கு அதுவே பாதி சந்தோஷம்.

ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டிய கட்டடம் அது. கட்டினவரை இந்த ஊரில் ப்ரோமோட்டர் என்பார்கள். அவர் வரவில்லை, அவருடைய ஆள் ஒருவன் தங்கச் சங்கிலியோடு வந்திருந்தான். வீட்டில் எல்லாம் பிரமாதம். தெற்குப் பக்கம் முழுக்கத் திறப்பு. கல்கத்தாவில் தெற்குக் காற்று வருகிற வீடு என்றால் பாதி விலை காற்றுக்குத்தான். அதிகாரியின் மனைவி முதலில் தெற்கு என்றதும் முகம் சுளித்தார், ஊரில் ஆகாதே என்று. ஜன்னலைத் திறந்துவிட்டேன். காற்று வந்து அவர் முந்தானையைத் தூக்கியது. அதோடு எமனை மறந்துவிட்டார்.

கீழே இறங்கி வந்தோம். ஃப்ளாட்டோடு சேர்ந்த கேரேஜ் என்று மாமா ஒரு ஷட்டரைக் காட்டினார். இறக்கியிருந்தது. எல்லோரும் தாண்டிப் போனார்கள். அவள் நின்றுவிட்டாள். ஷட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நான் போய் வைத்துப் பார்த்தேன், சுட்டது. வெயில் படாத பக்கம் அது. கரி வாசனையும் கஞ்சி வாசனையும் லேசாக வந்தது.

"எட்டா கார்?" என்றாள்.

துறைமுக அதிகாரி அதைத் தன்னிடம் கேட்டதாக எடுத்துக்கொண்டார்.

"எட்டாதுதான் தாயி. நமக்கு ஸ்கூட்டர்தான். கார் எல்லாம் பையன் சம்பாதிச்சு வாங்கட்டும்," என்றார்.

எல்லோரும் சிரித்தோம். சங்கிலிக்காரன் அர்த்தம் புரியாமலேயே எங்களைவிட அதிகமாகச் சிரித்தான். மாமா அந்தச் சிரிப்பிலேயே எல்லோரையும் வெளியே தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஷட்டரைத் தட்டினாள்.

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "ஹமாரா," என்றது. எங்களுடையது.

ஷட்டர் பாதி உயர்ந்தது. கையில் இஸ்திரிப் பெட்டியோடு ஒரு பெண். பின்னால் மலைபோல் வேட்டிகள், புடவைகள். மேஜைக்கு அடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணிடம் இவள் இந்தியில் பேசினாள். பழைய வீட்டின் மாடிப்படிக்கு அடியில் அவள் மாமனார் காலத்திலிருந்து இஸ்திரி போட்டு வந்திருக்கிறார்கள். வீட்டை இடிக்கக் கொடுத்தபோது பழைய சொந்தக்காரர், இவர்களுக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்று ப்ரோமோட்டரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாராம். அப்படிக் கிடைத்ததுதான் இந்த கேரேஜ். இன்றைக்கு வீடு பார்க்க வருகிறார்கள், ஊருக்குப் போய்விட்டு வாருங்கள் என்று சங்கிலிக்காரன் சொல்லியிருக்கிறான். கல்யாண வீட்டுத் துணி முடியவில்லை, அதனால் போகவில்லை, ஷட்டரை மட்டும் இறக்கிக்கொண்டோம் என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

மாமா இவளைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"உனக்கு அந்த வக்கீல் வேணுமா, வேண்டாமா?"

"வேணும் அங்கிள்."

"அப்போ வாய மூடிட்டு வா. மீதிய நான் பாத்துக்கறேன்."

எதைப் பார்த்தாலும் கேள்வி வருகிற அந்த வாய் மூடியிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு வருஷப் படிப்பு அந்த வாய்க்குள் இருந்தது. போய் வாயை மூடிக்கொள் என்று எனக்கே சொல்லத் தோன்றியது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகத் துறைமுக அதிகாரியிடம் போனாள்.

"சார், உள்ள ஆள் இருக்கற இடத்த வாங்கறீங்க. அவங்க யாரு, எப்படி இருக்காங்கன்னு கேக்காம வாங்கினாலும் சட்டம் நீங்க கேட்டதாத்தான் எடுத்துக்கும். அப்புறம் எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. இப்பவே கேட்டுடுங்க."

மாமா அன்றைக்கு அவளுக்குக் கொடுத்த சர்டிபிகேட், இனிமேல் கடைப்பக்கம் வராதே என்பதுதான்.

டாக்குரியா ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். வழியில் எவ்வளவு வீடு, எவ்வளவு சுவர், ஒன்றைக்கூட யாருடையது என்று கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டேஷன் மேம்பாலத்தைக் காட்டி, "எட்டா கார், வக்கீலம்மா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "ரயில்வேது. எங்க அப்பாவுது," என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அந்தச் சிரிப்போடேயே ரயிலேறிப் போனாள்.

ஃப்ளாட் போயிற்று என்று மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். போகவில்லை. துறைமுக அதிகாரியின் மனைவிக்குத் தெற்குக் காற்று தலைக்கேறிவிட்டது. வீடு வேண்டும், கேரேஜ் வேண்டாம், இல்லாத காருக்கு எதற்கு இடம் என்றார் அதிகாரி. ஆனால் ஒன்று, அந்தப் பிள்ளை வந்து வாசித்துச் சொல்லாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். போய் கூட்டிட்டு வாடா என்றார். கெஞ்சிச் சொல்லுங்கள் என்று கேட்க ஆசைதான். கேட்கவில்லை; ஸ்கூட்டர் அவருடையது.

அப்படித்தான் எந்தப் படியிலிருந்து திருப்பி அனுப்பினார்களோ அதே படியில் ஏறினாள். திருப்பி அனுப்பிய குமாஸ்தாவே கதவைத் திறந்தார். நான் அவருக்கு ஒரு சலாம் வைத்தேன்.

வக்கீல் வயதானவர் இல்லை, ஆனால் குரல் பழையது. பத்திர நகலை நீட்டினார். அவள் ஒவ்வொரு வரியாக அதிகாரிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. கேரேஜ் இந்த விற்பனையில் சேராது என்று எழுதியிருந்தது. அதுவரை சரி. ஆனால் 'காலியாக உள்ள கேரேஜ்' என்று இருந்தது.

தலையைத் தூக்கி வக்கீலைப் பார்த்து, "எட்டா கார்?" என்றாள்.

நீ இவருடைய வக்கீலா என்று கேட்டார் அவர். இல்லை, மாணவி என்றாள். இங்கே என்ன வேலை என்றார். உங்களிடம் கோடை வேலை கேட்டு இரண்டு தடவை வந்தேன், படியோடு போய்விட்டேன் என்றாள். குமாஸ்தா ஜன்னல் வழியாக ஆகாயத்தை ரசிக்க ஆரம்பித்தார்.

"வேலை கேட்டு வர்றவங்க சண்டையோட ஆரம்பிக்கறதில்ல," என்றார் வக்கீல், வங்காளியில்.

அவளும் வங்காளியிலேயே சொன்னாள். "முதல்ல இந்த வரிய மாத்துங்க சார். வேலை இருக்கா இல்லையான்னு அப்புறம் சொல்லுங்க. காலின்னு எழுதினா நாளைக்கு வேற யாருக்கோ காலின்னு விப்பாங்க. அங்க ஒரு குழந்தை தூங்குது."

மாமா என் தொடையைக் கிள்ளினார், ஏன் என்று அவருக்கே தெரியாது. வக்கீல் பேனாவைத் திறந்தார். 'காலியாக உள்ள' என்பதை அடித்துவிட்டு, அங்கே இருக்கிறவர்களின் பெயர் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். அந்தப் பெண்ணின் பெயர், புருஷன் பெயர், மாமனார் பெயர், எல்லாம் கேட்டு வைத்திருந்தாள். வக்கீல் எழுதினார். ப்ரோமோட்டருக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்தத் தலைவலி எதிர்க்கட்சி வக்கீலின் சேம்பரில் இருப்பதைவிட என்னிடமே இருக்கட்டும் என்று குமாஸ்தாவிடம் சொன்னார். இவளை உட்காரச் சொல்லி ஜன்னலோரம் கை காட்டினார். அங்கே ஒரு நாற்காலி, அதன்மேல் ஃபைல் குவியல்.

வேறு யாராக இருந்தாலும் விழுந்தடித்துப் போய் உட்கார்ந்திருப்பார்கள். இவள் நின்றபடி முகவாயைத் தூக்கினாள்.

"எட்டா கார்?"

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆஜ் தேக்கே தோமார்," என்றார். இன்றிலிருந்து உன்னுடையது.

அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

படிப்பு முடிந்ததும் ஊரை விட்டுப் போய்விட்டாள். அசன்சோல் என்கிறார்கள், டெல்லி என்கிறார்கள். போவதற்கு முன்னால் தன் கறுப்புக் கோட்டை அந்த கேரேஜில் இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறாள். திரும்பி வந்து வாங்கவே இல்லை. இன்னமும் ஷட்டரைத் தூக்கியதும் கண்ணில் படுகிற மாதிரி ஆணியில் அது தொங்குகிறது. சங்கிலிக்காரன் அவ்வப்போது வந்து, எப்போது காலி செய்கிறீர்கள் என்று குசலம் விசாரிப்பது வழக்கம். ஒரு நாள் வந்தவன் கோட்டைப் பார்த்துவிட்டு, "எட்டா கார்?" என்றானாம். அந்தப் பெண் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல், "ஹமாரே வக்கீல் கா," என்றிருக்கிறாள். எங்கள் வக்கீலுடையது. அவன் அதற்கப்புறம் விசாரிக்க வருவதில்லை.

என் சட்டைகளை நான் அங்கேதான் கொடுக்கிறேன். ஒரு தடவை ஆசைக்கு அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். கை பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பெண் கழற்று கழற்று என்று திட்டிவிட்டு, நான் தொட்டதற்காகவே மறுபடியும் தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள்.

எதையும் மறக்காதவள் கோட்டை எப்படி மறந்தாள் என்று அவளுடைய பழைய நம்பருக்குப் போன் போட்டேன். வக்கீலம்மா, உங்க கோட்டு இங்கயே கிடக்குது என்றேன்.

"தொங்குதா, கிடக்குதா?" என்றாள்.

"தொங்குது."

"அப்போ சரி, தம்பி," என்று வைத்துவிட்டாள்.